முதலில் பேருந்து வரட்டும், அப்புறம் கட்டடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகர மையப் புதுப்பிப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் பற்றி உங்கள் நாளிதழில் அரைப் பக்கத்துக்கு வந்திருந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். செய்தியோடு பெரிதாக ஒரு வண்ணப் படமும் போட்டிருந்தீர்கள். கல் பதித்த அகலமான தெரு, வரிசையாக மரங்கள், கண்ணாடிக் கட்டடங்கள், கையில் பையோடு சிரித்துக்கொண்டே நடக்கும் இளைஞர்கள், ஓரமாக ஒரு சைக்கிள். அந்தப் படத்தை ஓர் அங்குலம் விடாமல் பார்த்தேன். அதில் ஒரு பேருந்துகூட இல்லை. நிறுத்தம் என்று எழுதிய பலகைகூட இல்லை. அங்கே நடந்து போகிறவர்கள் எல்லாம் எதில் ஏறி வந்தார்கள், பொழுது சாய்ந்ததும் எதில் ஏறி வீட்டுக்குப் போவார்கள் என்ற கேள்வி படத்தை வரைந்தவருக்கும் வரவில்லை, வரையச் சொன்னவர்களுக்கும் வரவில்லை. இந்தத் திட்டத்தின் கோளாறு முழுவதும் அந்த ஒரு படத்திலேயே தெரிகிறது.

நான் இந்த நகரத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். கார் கிடையாது. இடுப்பு வலி வந்த பிறகு பைக்கையும் விட்டுவிட்டேன். வேலைக்குப் போவது, வருவது, ஆஸ்பத்திரி, உறவினர் வீடு எல்லாமே பேருந்துதான். முதல் கட்டப் பணியில் என்ன செய்தார்கள் என்பது அதனால் எனக்கு நன்றாகவே தெரியும். நடு நகரத்தில் இருந்த பேருந்து நிலையத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே வைத்தார்கள். இடம் போதவில்லை, புகை, இரைச்சல், நெரிசல் என்று காரணம் சொன்னார்கள். அதில் எதையும் நான் மறுக்கவில்லை, பழைய நிலையம் நல்ல நிலையில் இல்லை என்பது உண்மைதான். காலியான இடத்தில் ஒரு சதுக்கமும் வணிக வளாகமும் அதன் அடியில் இரண்டு அடுக்குக் கார் நிறுத்துமிடமும் வந்தன. பேருந்துக்குப் போதாத இடம் காருக்கு எப்படிப் போதுமானது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது இன்று வரை உறுத்துகிறது.

முன்பு எனக்கு ஒரே பேருந்து. வீட்டுப் படியிறங்கி அலுவலக நாற்காலியில் உட்காரும் வரை முப்பத்தைந்து நிமிடம், மழை நாளில் நாற்பது. இப்போது இரண்டு பேருந்து, நடுவில் ஒரு சாலையைக் கடக்க வேண்டும். போன வருடம் ஒரு மாதம் முழுக்க ஒரு சின்ன நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்தேன். வீட்டை விட்டு இறங்கியது, நிறுத்தத்துக்கு வந்தது, வண்டி வந்தது, இறங்கியது, அடுத்த வண்டி வந்தது, அலுவலகம் சேர்ந்தது என்று ஆறு கட்டம் போட்டு எழுதினேன். சராசரியாக ஒரு மணி எட்டு நிமிடம் ஆகிறது. அதில் வண்டி உருளும் நேரம் முப்பத்தொன்பது நிமிடம்தான், மீதி எல்லாம் நிற்பதும் நடப்பதும். போக வர ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் என் கையிலிருந்து போய்விட்டது. இது எனக்கு ஒருவனுக்கு. அதே நிறுத்தத்தில் காலையில் என்னோடு நிற்கும் நாற்பது ஐம்பது பேருக்கும் இதே கணக்குதான். இந்த நேரத்தைத் திட்டச் செலவில் யாரும் சேர்க்கவில்லை.

என்னைவிட மோசமாகச் சிக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெண் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறார். ஆறு மணிக்கு ஷிஃப்ட். பேருந்து நிலையம் நடுவில் இருந்தபோது இரவு அங்கே நிறுத்தப்பட்ட வண்டிகள் விடியற்காலையில் எங்கள் பக்கம் வந்து திரும்பும், ஐந்தேகாலுக்கு ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம். இப்போது வண்டிகள் வெளியிலிருந்து வர வேண்டியிருப்பதால் எங்கள் நிறுத்தத்துக்கு முதல் வண்டி ஐந்து ஐம்பதுக்கு. அதில் ஏறினால் வேலை போய்விடும். அதனால் நாலரைக்கு எழுந்து, இருட்டில் நடந்து மெயின் ரோட்டுக்குப் போய் வேறு தட வண்டியைப் பிடிக்கிறார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அண்ணே, அந்த வழியில லைட்டும் இல்ல, ஆளும் இல்ல. மெதுவா போனா வண்டி போயிடும், ஓடினா மூச்சு முட்டுது." அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போகும் சாலையில்தான் புதிதாக அலங்கார விளக்குகள் வரிசையாக நட்டிருக்கிறார்கள். அவர் நடந்து போகும் சாலையில் ஒன்றுகூட இல்லை.

புது நிழற்குடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்க்கப் பளபளவென்று இருக்கின்றன. உட்காரும் பலகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், யாரும் படுத்துவிடக் கூடாது என்று முன்பக்கமாகச் சரிவாக வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டே இருக்கிறார்கள், காலை ஊன்றித் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். வெயிலில் அந்தப் பலகையில் கையை வைத்துப் பார்த்தேன், அடுப்பில் வைத்த மாதிரி சுட்டது. கூரை உயரத்தில் இருக்கிறது, அகலமும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு நிழல் நிழற்குடைக்குப் பின்னால் மண்ணில் விழுகிறது, மழை பெய்தால் முழங்கால் வரை நனைகிறது. பின்பக்கம் விளம்பரப் பலகை இரவு முழுக்க வெளிச்சமாக எரிகிறது. எந்த எண் வண்டி இங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வரும் என்று எழுத மட்டும் ஒரு சாண் இடம் ஒதுக்கவில்லை. யாரோ ஒரு பயணி கறுப்பு மார்க்கரில் தூணில் தட எண்களை எழுதி வைத்திருக்கிறார். புதிதாக வருபவர்களுக்கு இன்று அதுதான் ஆதாரம். அது அழியத் தொடங்கினால் வேறு யாராவது மேலே மறுபடி எழுதுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நகரத்தைப் புதுப்பிக்கவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பாழடைந்த இடங்கள் உயிர் பெற வேண்டும், மரங்கள் வேண்டும், நடக்க இடம் வேண்டும். என் சண்டை வரிசையைப் பற்றி. இங்கே முதலில் கட்டடம், பிறகு அழகு, பிறகு பார்க்கிங், எல்லாம் முடிந்து ரிப்பன் வெட்டிய பிறகு மிச்சமிருக்கும் சந்து பொந்தில் பேருந்தை எப்படி விடலாம் என்று பார்க்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். உலகத்தில் உருப்படியாக நடந்த இடங்களில் எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

தென்கொரியத் தலைநகர் சியோலை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். எங்கள் திட்ட அறிக்கையிலும் அந்த ஊரின் சியோங்கேசியோன் ஓடையின் படம் இருக்கிறது. ஓடையை மூடி மேலே சாலை போட்டு, அதற்கும் மேலே உயர்மட்டச் சாலை கட்டியிருந்தார்கள். 2003-ல் அதை இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் சுமார் 5.8 கிலோமீட்டருக்கு ஓடையை மீட்டுத் திறந்தார்கள். தினமும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் போன பாதை அது, இடித்தால் நகரமே நின்றுவிடும் என்று பலர் பயந்தார்கள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இது வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். இதே காலத்தில், ஓடை திறப்பதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே, 2004 ஜூலை 1 அன்று சியோல் தன் பேருந்துகள் மொத்தத்தையும் மாற்றியமைத்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் தனியார் கம்பெனிகள் லாபம் வரும் தடத்துக்கு அடித்துக்கொண்டு ஓட்டின. அந்த நாளிலிருந்து தடங்களை முடிவு செய்யும் அதிகாரத்தை நகர நிர்வாகம் எடுத்துக்கொண்டது, ஏற்றிய ஆள் கணக்குக்குப் பதிலாக ஓட்டிய கிலோமீட்டருக்குக் கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்தது. நீண்ட தூரம் போகும் வண்டிக்கு நீலம், உள் தெருக்களிலிருந்து ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிடும் வண்டிக்குப் பச்சை, புறநகருக்குச் சிவப்பு, மையத்துக்குள் சுற்றி வருவதற்கு மஞ்சள் என்று நிறம் பிரித்தார்கள். பெரிய சாலைகளின் நடுவில் பேருந்துக்கென்று தனித் தடம் போட்டார்கள். ஒரே அட்டையில் பேருந்திலும் மெட்ரோவிலும் ஏறி இறங்கலாம், வண்டி மாறினால் திரும்ப முழுக் கட்டணம் இல்லை, மொத்தம் போன தூரத்துக்குத்தான் கணக்கு. முதல் சில நாள் கார்டு மெஷின்கள் வேலை செய்யாமல், தடம் புரியாமல் ஊரே திண்டாடியது. ஆனால் பின்வாங்கவில்லை.

அந்த ஓடையிலும் குறை இல்லாமல் இல்லை. தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் போட்டு ஏற்றி விடப்படுவது. சாலையோரத்தில் பிழைத்துக்கொண்டிருந்த வியாபாரிகளை அப்புறப்படுத்தினார்கள், அவர்கள் பட்ட பாடு பெரிது. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஓடையின் படத்தை மட்டும் வெட்டி ஒட்டிக்கொண்டு, அதைச் சாத்தியமாக்கிய பேருந்துகளை விட்டுவிட்டால் நமக்குக் கிடைப்பது வெறும் படம்தான்.

பேருந்தை வைத்தே நகரத்தை வளர்க்க முடியாது, அதற்கு மெட்ரோ வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மெட்ரோ வரட்டும், நல்லது. பிரேசிலின் குரிட்டிபா நகரம் என்ன செய்தது என்று பாருங்கள். கட்டடக் கலைஞரான ஜெய்மே லெர்னர் 1971-ல் மேயர் ஆனார். சுரங்க ரயிலுக்குப் பணம் இல்லை, காலமும் இல்லை. 1974-ல் பேருந்துக்கென்றே தனிப் பாதை அமைத்து விரைவு வண்டிகளை ஓட விட்டார்கள். அதைவிட முக்கியம், உயரமான கட்டடம் கட்டும் அனுமதியை அந்தப் பாதைகளை ஒட்டிய மனைகளுக்கே பெரும்பாலும் கொடுத்தார்கள். ஆள் அதிகம் இருக்கும் இடமும் வண்டி அதிகம் ஓடும் இடமும் ஒன்றாகிவிட்டது. எங்களுக்கு நடந்தது நேர் எதிர். பேருந்து போகாத வெளி வட்டச் சாலையில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்புக்கு அனுமதி, பேருந்து போகும் பழைய தெருக்களில் கார் நிறுத்துமிடம்.

வியன்னாவில் ஆஸ்பெர்ன் என்ற பழைய விமான தளத்தில் ஒரு புது நகர்ப் பகுதியை உருவாக்கினார்கள். மெட்ரோவின் யு2 பாதையை 2013 அக்டோபரில் அங்கே நீட்டித் திறந்தபோது சுற்றிலும் வெறும் மைதானம். ஆளே இல்லாத இடத்துக்கு ரயிலா என்று தோன்றும். முதல் குடியிருப்பவர்கள் 2014-ல்தான் வந்தார்கள். வீட்டுச் சாவியை வாங்கும்போதே வாசலில் ரயில் இருந்தால் கார் வாங்கும் எண்ணம் பலருக்கு வராது. வந்து குடியேறி, இரண்டு வருடம் வண்டி இல்லாமல் தவித்து, கடன் வாங்கிக் கார் வாங்கிய பிறகு பேருந்தை விட்டால் அதில் ஏற யார் வருவார்கள்? அப்புறம் அந்தத் தடத்தில் ஆளே ஏறவில்லை என்று சொல்லி அதையும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் பகுதியில் ஒரு தடம் அப்படித்தான் போனது.

கட்டடத்தை முதலில் வைக்கும் தப்பான வரிசைக்கு லண்டனின் பழைய துறைமுகப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். 1981-ல் அதைப் புதுப்பிக்கத் தனி அமைப்பு ஏற்படுத்தினார்கள். 1987-ல் ஒரு சிறு ரயிலை ஓட விட்டார்கள், அது ஒற்றைப் பெட்டி வண்டிகளோடு தொடங்கியது. அதற்குள் கேனரி வார்ஃப் என்ற இடத்தில் வானளாவிய அலுவலகக் கோபுரங்கள் திட்டமாகிவிட்டன. சின்ன ரயில் அந்தக் கூட்டத்தைத் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1991-ல் பெரிய கோபுரம் எழும்பியது, 1992-ல் கட்டிய நிறுவனம் கடனில் மூழ்கியது. அலுவலகச் சந்தை சரிந்ததுதான் பெரிய காரணம், ஆனால் போய்ச் சேருவதே பெரும்பாடு என்றால் வாடகைக்கு வர நினைப்பவரும் தயங்கத்தானே செய்வார்? சரியான மெட்ரோ இணைப்பு 1999-ல்தான் வந்தது, அதன் பிறகு அந்த இடம் வேகமாக நிறைந்தது. பணக்கார நாடு, பெரிய நகரம், அவர்களால் தாங்க முடிந்தது. நம்மைப் போன்றவர்கள் இத்தனை வருடம் எதைத் தின்று தாங்குவது?

அடுத்தது சாலை அகலப்படுத்துதல். இரண்டாம் கட்டத்தில் இரண்டு சாலைகளை அகலமாக்கி ஒரு மேம்பாலமும் கட்டப்போகிறார்களாம், நெரிசல் தீர்ந்துவிடுமாம். தீராது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே சொல்லிவிட்டார், நகரத்து விரைவுச் சாலைகளில் பீக் அவர் நெரிசல் அந்தச் சாலை எவ்வளவு கொள்ளுமோ அதுவரை ஏறித்தான் நிற்கும் என்று. 2011-ல் ஜில் டுரான்டன், மாத்யூ டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் பல ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்து, நெடுஞ்சாலைத் தடங்களைப் பத்து சதவீதம் கூட்டினால் அதில் ஓடும் வண்டித் தூரமும் ஏறத்தாழ அதே பத்து சதவீதம் கூடுகிறது என்று காட்டினார்கள். ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற சாலையைப் பெருஞ்செலவில் அகலமாக்கி 2008-ல் முடித்தார்கள். அகலமான இடத்தில் பக்கச் சாலைகளையும் சேர்த்தால் 26 தடம். சில ஆண்டுகளிலேயே பீக் அவரில் அதில் போகும் நேரம் மறுபடி ஏறத் தொடங்கியது.

இதற்குப் பெரிய அறிவியல் எல்லாம் தேவையில்லை. சாலை காலியாகத் தெரிந்தால், நெரிசலுக்குப் பயந்து காலை ஏழுக்கே கிளம்பியவர் எட்டரைக்குக் கிளம்புவார், பேருந்தில் போனவர் பைக்கை எடுப்பார், பைக்கில் போனவர் கார் வாங்குவார், தூரத்தில் மனை வாங்கலாம் என்று ஒருவர் நினைப்பார். இரண்டு வருடத்தில் பழைய நிலை. நடுவில் அந்தச் சாலையோரத்தில் இருந்த மரங்களும் நடைபாதையும் போயிருக்கும், அவை திரும்ப வராது.

ஒரு தடத்தில் எத்தனை பேர் போகலாம் என்பதற்கு அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கம் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறது. மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தைக் கார்களுக்கு விட்டால் ஒரு மணி நேரத்தில் 600 முதல் 1,600 பேர். அதையே பேருந்துக்கு மட்டும் ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். நடைபாதையாக விட்டால் 9,000 பேர் வரை. அதே அகலம், அதே தார். யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேருந்துத் தடம் போட்டால் கார்க்காரர்களுக்கு அநியாயம் என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். எழுபது பேர் இருக்கும் ஒரு வண்டி, ஒருவர் இருக்கும் நாற்பது கார்களுக்குப் பின்னால் இருபது நிமிடம் நிற்பதை அவர் என்னவென்று சொல்வார் என்று கேட்க ஆசைப்பட்டேன், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாள், காலை பதினொரு மணி. பேருந்தில் போகிறவர்களில் பாதிப் பேர் அப்போது யாருக்கோ கீழே வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வந்திருந்த அறுபது சொச்சம் பேரில் பேருந்தில் வந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று நான் கேட்டபோது என்னையும் சேர்த்து நான்கு கை. அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, பொறுமையாகத்தான் பதில் சொன்னார்கள். ஆனால் நான்கே பேர் பேருந்தில் வந்த அந்தக் கூட்டத்தை வைத்து எழுதிய அறிக்கையில் "பொதுமக்கள் வரவேற்றனர்" என்று வந்திருக்கிறது.

வண்டி எத்தனை ஓடுகிறது என்று கேட்டால் மணிக்கு ஆறு என்கிறார்கள். காகிதத்தில் ஆறுதான், நானும் எண்ணியிருக்கிறேன். ஆனால் மூன்று மூன்றாகச் சேர்ந்து வருகின்றன. முதல் வண்டி கொஞ்சம் தாமதமானால் நிறுத்தத்தில் ஆள் சேர்ந்துவிடும், ஆளை ஏற்ற ஏற்ற இன்னும் தாமதமாகும், பின்னால் வரும் வண்டி காலியாக வந்து ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று சீராக வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் நின்றால் போதும். மூன்றும் ஒன்றாக வந்தால் அரை மணிக்கு ஒரு கூட்டம், சராசரி காத்திருப்பு பதினைந்து நிமிடம். புது வண்டி ஒன்றுகூட வாங்காமல், நெரிசலிலிருந்து வண்டியைப் பிரித்து, இடைவெளியைச் சரியாகப் பார்த்து அனுப்பினாலே என் நோட்டில் இருக்கும் பாதிக் காத்திருப்பு குறைந்துவிடும். இதற்குக் கண்ணாடிக் கட்டடம் தேவையில்லை, இரண்டு பேர் கவனமாக உட்கார்ந்து பார்த்தால் போதும்.

சாலையைக் கடப்பது இன்னொரு வேதனை. வண்டி மாறுகிற இடத்தில் நான் தாண்ட வேண்டிய சாலை பத்தொன்பது மீட்டர், அடி வைத்து அளந்தேன். நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு பதினான்கு விநாடி. நல்ல உடம்போடு இருப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் பல நாடுகளில் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தாலே பதினாறு விநாடி வேண்டும். என் இடுப்போடு எனக்கு இருபத்திரண்டு ஆகிறது. தினமும் நடுவில், சென்டர் மீடியனில், ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்துக்கொண்டு அடுத்த பச்சைக்கு நிற்கிறேன். என் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். போன மாதம் கைத்தடியோடு ஒரு பெரியவர் நடுவில் மாட்டிக்கொண்டு திகைத்து நின்றார், ஒரு கல்லூரிப் பெண் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். எட்டு விநாடி கூட்டினால் தீர்கிற விஷயம் இது. இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், வாகன ஓட்டம் பாதிக்கும் என்று பதில் வந்தது.

புதுப்பிப்பு என்றால் வாடகையும் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. சதுக்கத்தைச் சுற்றி இருந்த பழைய வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களில் நிறையப் பேர் முதல் கட்டம் முடிந்த இரண்டு வருடத்துக்குள் வெளியே போய்விட்டார்கள். மையத்தில் நடந்தே வேலைக்குப் போனவர்கள் அவர்கள். இப்போது ஊர் எல்லையில், வண்டியே சரியாக இல்லாத இடத்தில் இருக்கிறார்கள், வேலை மட்டும் இன்னும் மையத்தில்தான். பேருந்து மிக அதிகமாகத் தேவைப்படுகிறவர்களைப் பேருந்து மிகக் குறைவாக உள்ள இடத்துக்குத் தள்ளிவிட்டோம். கொலம்பியாவின் மெடலின் நகரம் 2004-ல் மலைச்சரிவில் இருந்த ஏழைக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் விட்டு, கீழே இருக்கும் மெட்ரோவோடு இணைத்தது. செங்குத்தான படிகளில் ஏறி இறங்கி, பேருந்துக்குக் காத்திருந்து வேலைக்குப் போனவர்கள் நேராக ரயிலுக்கு வந்தார்கள். நலிந்தவர்கள் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கினார்கள் என்பதால்தான் அதை இவ்வளவு பேர் பேசுகிறார்கள்.

முதலில் பேருந்து என்ற வரிசைக்கு ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமையும் சொல்ல வேண்டும். மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் வைக்க முடிவு செய்தார்கள். கட்டணச் சோதனை 2006 ஜனவரியில் தொடங்கியது. ஆனால் 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகளையும் புதுத் தடங்களையும் விட்டுவிட்டார்கள். காரை வீட்டில் வை என்று சொல்வதற்கு முன் ஏறிப் போக ஒரு வண்டியைக் காட்டினார்கள். கட்டணம் வைத்த எல்லையில் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. முதலில் முணுமுணுத்த மக்கள் அதே வருடம் செப்டம்பரில் வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள்.

பெரிய நகரங்களின் கதையைச் சொல்லி மிரட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்கு வேண்டியது சின்ன விஷயங்கள். இரண்டாம் கட்டத்துக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் பேருந்து வரைபடத்தைப் பத்திரிகையில் வெளியிடுங்கள், எந்தத் தடம் மாறுகிறது, எந்த நிறுத்தம் போகிறது, எந்த வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று எல்லோருக்கும் தெரியட்டும். வெளியே போன நிலையத்துக்கும் மையத்துக்கும் நடுவே ஒரு தடத்தைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்குங்கள், பெயின்ட் அடித்தால் போதாது, கல் வைத்துப் பிரியுங்கள், இல்லையென்றால் மறுநாளே கார்கள் நின்றுவிடும். விடியற்காலை நாலரை முதல் ஆறு வரைக்கும் குறைந்தது மூன்று வண்டி எங்கள் பக்கம் வர வேண்டும், அதற்காக இரண்டு வண்டிகளை இரவில் மையத்திலேயே நிறுத்த இடம் கொடுங்கள், அந்த அடித்தளக் கார் நிறுத்துமிடம் இரவில் காலியாகத்தான் கிடக்கிறது என்று அங்கே காவல் வேலை பார்ப்பவரே சொன்னார், அதன் மேல்தளத்து முற்றத்தில் இரண்டு வண்டிக்கு இடம் தாராளமாக இருக்கிறது. வண்டி மாறினால் திரும்ப டிக்கெட் எடுக்கச் சொல்லாதீர்கள், ஒரே வண்டியில் போனவர்களை இரண்டு வண்டி ஏற வைத்தது நாங்கள் இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், முடிந்தால் பேருந்து நிலையத்திலேயே வையுங்கள். சிக்னலில் எட்டு விநாடி கொடுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். திட்டத்தைப் பற்றி அடுத்து எழுதும்போது திறப்பு விழா மேடையிலிருந்து எழுத வேண்டாம். உங்கள் நிருபர் ஒருவரை ஒரு வேலை நாளில் விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் தெரு முனைக்கு அனுப்புங்கள். அந்த ஆஸ்பத்திரித் தொழிலாளி சம்மதம் சொல்லிவிட்டார், அவரோடு மெயின் ரோடு வரை நடந்து வரட்டும். பிறகு ஏழே முக்காலுக்கு என்னோடு நிறுத்தத்தில் நிற்கட்டும், இரண்டு வண்டி மாறி வரட்டும், அந்தச் சாலையைப் பதினான்கு விநாடியில் தாண்டிப் பார்க்கட்டும். என் நோட்டையும் கொண்டு வருகிறேன், வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளலாம். எந்த நாள் என்று மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், நான் கொஞ்சம் சீக்கிரமாக எழுந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தினமும் பேருந்தில் போகும் வாசகர் ஒருவர்